ரப்பர் குடலும் சர்க்கரைப் பாகு இரத்தமும்: மலிவுப் பேய்ப்படங்களைப் பார்க்கும் முறை

மலிவாக எடுக்கப்பட்ட ஒரு பேய்ப்படத்தில் பேய் பிடித்த பெண்ணின் கன்னம் கிழிந்து தொங்குகிறது. கேமரா நெருங்கிச் செல்கிறது. கிழிந்த தோலின் ஓரத்தில் லேடெக்ஸ் என்னும் ஒப்பனை ரப்பர் மெல்லிய படலமாக மேலெழுந்து நிற்பதும், அதன் அடியில் நடிகையின் உண்மையான தோல் நூலிழை அளவுக்குத் தெரிவதும் உங்கள் கண்ணில் பட்டுவிடுகின்றன. பலர் அந்த நொடியில் படத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். வித்தை அம்பலமாகிவிட்டது, இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவர்கள் கணக்கு. இந்த வகைப் படங்களை நெடுங்காலமாக விரும்பிப் பார்த்துவரும் எனக்கோ படம் சூடுபிடிப்பதே அந்த நொடியில்தான். ஒரு கண் பயந்துகொண்டிருக்க, மறு கண் அந்தப் பயத்தைச் செய்த கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நிலை உண்டு. அந்த நிலை தானாக வந்துவிடாது, பழக வேண்டும். எப்படிப் பழகுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பணமின்மையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'பி-மூவி' என்ற பெயர் முதலில் தரத்தைக் குறித்து வந்ததன்று. 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே கட்டணத்தில் இரண்டு படங்களைக் காட்டும் வழக்கம் பரவியது. நட்சத்திரங்கள் நடித்த முதன்மைப் படத்துக்கு வசூலில் ஒரு பங்கு கிடைக்கும். அதனுடன் சேர்த்துக் காட்டப்பட்ட சிறிய படமான 'பி'க்கோ பெரும்பாலும் முன்கூட்டியே பேசி முடித்த வாடகை மட்டுமே கிடைக்கும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை மாறாது என்பதால், அதில் லாபம் பார்க்க விரும்பியவருக்கு இருந்த வழி செலவைக் குறைப்பது ஒன்றுதான். இரட்டைக் காட்சி வழக்கம் மறைந்த பின்னரும், குறைந்த பணத்தில் விரைவாக எடுக்கப்படும் எல்லாப் படங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வரலாறு பார்வையாளருக்கு ஏன் தேவை என்றால், இந்தப் படங்களில் கதையை எழுதுவதே பெரும்பாலும் பணமின்மைதான். அரங்கம் அமைக்கப் பணமில்லாததால் கதை ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. சம்பளம் கொடுக்க முடியாததால் ஐந்தாறு பேருக்கு மேல் கதையில் இல்லை. படப்பிடிப்பு நாட்கள் குறைவு என்பதால் எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. விளக்குகள் போதாததால் மூலைகள் இருட்டாகவே இருக்கின்றன. காட்டு நடுவில் ஒரு பாழடைந்த வீடு, அதில் தங்கும் சில இளைஞர்கள், விடியாத ஓர் இரவு என்ற அமைப்பைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தட்டுப்பாடுகள் ஒவ்வொன்றும் பயத்துக்கான காரணமாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். தப்பிச் செல்ல இடமில்லை, உதவிக்கு ஆளில்லை, வெளிச்சமில்லை. நிறையப் பணம் இருந்திருந்தால் இவை மூன்றையும் வலிந்து உருவாக்க வேண்டியிருந்திருக்கும்.

குருதி வந்த கதையும் இதுவேதான். 1963இல் இயக்குநர் ஹெர்ஷல் கார்டன் லூயிஸும் தயாரிப்பாளர் டேவிட் ஃப்ரீட்மேனும் 'பிளட் ஃபீஸ்ட்' என்ற படத்தை மயாமியில் சில நாட்களில் எடுத்தார்கள். அதற்கு ஆன செலவு சுமார் 24,500 டாலர் என்று சொல்லப்படுகிறது. நட்சத்திரமோ பெரிய அரங்கமோ வாங்க வழியில்லாதவர்கள், பெரிய ஸ்டுடியோக்கள் காட்டத் துணியாதது எது என்று யோசித்தார்கள். வெட்டுண்ட உடலை வண்ணத்தில் காட்டுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். படம் பார்க்க வருவோருக்கு வாந்திப் பைகளைக் கொடுத்து அதையே விளம்பரமாக்கினார்கள். அந்தப் படத்தில் நடிப்பு மரக்கட்டையாக இருக்கும். உங்கள் முதல் படமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஏழையின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் துணிச்சல் என்பதை இந்த வகைக்குக் கற்றுக்கொடுத்த படம் அது.

இனி, குருதியுடன் பேய் ஏன் சேர்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மனிதன் மனிதனைக் கொல்லும் படத்தில் ஓர் உடல் ஒரு முறைதான் சாக முடியும். அந்தச் சாவுக்குத் துக்கமும் சட்டமும் பின்தொடர்ந்து வரும். பேய் புகுந்த உடலோ வெட்ட வெட்ட எழுந்து நிற்கிறது. அறுந்த கை தனியே தரையில் ஊர்கிறது. தலை உருண்டபடியே பேசுகிறது. ஒப்பனைக் கலைஞருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் கிடையாது. பார்வையாளருக்கும் ஒரு விடுதலை கிடைக்கிறது: திரையில் துண்டாவது ஒரு மனிதர் அல்லர், அவருடைய உருவத்தில் வந்திருக்கும் வேறொன்று. ஆனாலும் அந்த முகம் சற்று முன்புவரை நண்பனின் முகமாக இருந்ததே என்ற உறுத்தல் மட்டும் போவதில்லை. இந்தப் படங்களின் உண்மையான பயம் அந்த உறுத்தலில்தான் இருக்கிறது. இரத்தம் அதற்கு வண்ணம் கொடுக்கிறது.

எப்படிச் சிரிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்

இந்தப் படங்களைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். வரத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சிரிப்பு என்பதில்தான் முழு அனுபவமும் அடங்கியிருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. அவற்றில் நகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம் என்ற நான்கும் ஒரே காட்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவது இந்த வகைப் படங்களில்தான் அடிக்கடி நடக்கிறது. அச்சம் பிறக்கும் நான்கு நிலைகளில் தொல்காப்பியர் முதலில் வைப்பது அணங்கு, அதாவது பேயும் தெய்வமும் போல வருத்தும் சக்தி. இளிவரலுக்கு அவர் சொல்லும் காரணங்கள் மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும். அழுகிய உடலோடு நடந்து வரும் பிணத்தைப் பார்க்கும்போது நமக்குள் எழும் அருவருப்பு எதனால் என்று விளக்குவதற்கு இதைவிடக் கச்சிதமான பட்டியலை நான் பார்த்ததில்லை. நம் உடலும் ஒருநாள் மூப்படையும், நோயுறும், தளரும் என்பதை அது நினைவூட்டிவிடுகிறது.

நகைக்கும் அவர் நான்கு காரணங்களைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன் (கடைசி இரண்டும் அறியாமையின் வகைகள்). மலிவுப் படங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். எடுத்தவர்களின் இயலாமையைச் சுட்டிச் சிரிப்பதும், ஒவ்வொரு வசனத்துக்கும் எதிர்வசனம் பேசுவதும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டன. எள்ளலோடு பார்ப்பவருக்கு ஒரு படம் இருபது நிமிடத்தில் சலித்துவிடும். ஏனென்றால் அவர் பார்ப்பது படத்தையல்ல, தன் கெட்டிக்காரத்தனத்தை. மற்ற மூன்றும் நெடுநேரம் தாங்கும். இருபது வயதில், கையில் கிடைத்ததைக் கொண்டு, ஒரு தலையை வெடிக்க வைத்தே தீருவது என்று புறப்பட்டவர்களின் இளமையும், முடியாது என்று தெரியாததால் முடித்துக் காட்டிய வெள்ளந்தித்தனமும் ஒரு சிரிப்பைத் தரும். அந்தச் சிரிப்பில் அவர்கள்மீது அன்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பழகுங்கள்.

குருதியையும் நகையையும் ஒரே பாத்திரத்தில் கலப்பது சினிமா கண்டுபிடித்ததன்று. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். முரசுகள் உரலாகின்றன, யானைத் தந்தங்கள் உலக்கையாகின்றன, வீரர்களின் பற்கள் அரிசியாகின்றன. உலக்கை குத்தும்போது பாட்டும் உண்டு. படிப்பவருக்கு வயிறு புரளும். சிரிப்பும் வந்துகொண்டே இருக்கும். பாரிஸில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண்ட் கின்யோல் நாடக அரங்கில் ஒரே மாலையில் கொடூர நாடகத்தையும் நகைச்சுவை நாடகத்தையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். சிரித்துத் தளர்ந்த உடலில் அடுத்த பயம் ஆழமாக இறங்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

பார்ப்பதற்கு முன்

எந்தப் பிரதி என்பதில் அக்கறை காட்டுங்கள். இந்தப் படங்கள் தணிக்கையின் கத்தரியில் அதிகம் சிக்கியவை. பிரிட்டனில் 1980களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டுகளில் வந்த கொடூரப் படங்களுக்கு எதிராகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது; வழக்குக்கு உள்ளாகக்கூடியவை என்று ஒரு பட்டியல் போடப்பட்டது, 1984இல் தனிச் சட்டமே வந்தது. 1981இல் வெளியான அமெரிக்கப் பேய்ப்படம் 'தி ஈவில் டெட்' வெட்டப்படாமல் அங்கே வெளியாக 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே படத்தைத் தொடங்குமுன் அதன் ஓடும் நேரத்தைச் சரிபாருங்கள். 'தி ஈவில் டெட்' 85 நிமிடம். கையிலுள்ள பிரதி அதைவிடச் சில நிமிடங்கள் குறைவாக இருந்தால், நீங்கள் பார்க்க வந்த காட்சியே அதில் இல்லாமல் போயிருக்கலாம்.

மங்கிய பிரதிகளும் ஏமாற்றும். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது, பதிப்புரிமை அறிவிப்பு புதிய தலைப்புச் சட்டகத்தில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் படம் பொதுவுடைமையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றார்கள். நகலின் நகலாகச் சாம்பல் பூத்த பிரதிகளைப் பார்த்துவிட்டு, ஒளிப்பதிவு மோசம் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். 2016இல் வந்த சீரமைக்கப்பட்ட பிரதியில் நிழல்கள் எவ்வளவு தெளிவாகத் திட்டமிடப்பட்டிருக்கின்றன என்பது தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதில் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகைப் பயன்படுத்தினார்கள்.

அறையை இருட்டாக்குங்கள், ஒலியைச் சற்று உயர்த்தி வையுங்கள், கைப்பேசியை அடுத்த அறையில் விட்டுவிடுங்கள். முன்னோட்டத்தைப் பார்க்காதீர்கள்: பணத்தில் பாதி கரைந்தது ஒரே ஒரு காட்சியில் என்றால், அந்தக் காட்சிதான் முன்னோட்டத்தில் இருக்கும்.

பார்க்கும்போது

முதல் அரைமணி நேரம் பெரும்பாலும் மெதுவாகவே நகரும். ஒப்பனைக்கான பணம் கடைசி அரைமணிக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், தொடக்கத்தைப் பேச்சாலும் நடையாலும் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தை ஓட்டிவிடாதீர்கள். வீட்டைப் படியுங்கள். எந்தக் கதவு எங்கே திறக்கிறது, தரையில் மூடி போட்ட பாதாள அறை எங்கே, சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மலிவுப் படத்தில் எந்தப் பொருளும் சும்மா கிடப்பதில்லை. கொட்டகையில் ஒரு ரம்பம் தெரிந்தால் அதை இரவல் வாங்கி வந்திருப்பார்கள். இரவல் வாங்கியதைப் பயன்படுத்தாமல் விட மாட்டார்கள்.

பிறகு கேமராவைக் கவனியுங்கள். 'தி ஈவில் டெட்' படத்தை 1979 குளிர்காலத்தில் டென்னசி மாநிலத்துக் காட்டுக் குடிலொன்றில் எடுக்கத் தொடங்கியபோது இயக்குநர் சாம் ரெய்மிக்கு இருபது வயது. மொத்தச் செலவு சுமார் 3,75,000 டாலர். காட்டுக்குள்ளிருந்து எதுவோ குடிலை நோக்கிப் பாய்ந்து வருவதை அது என்னவென்றே காட்டாமல் காட்ட வேண்டும். கேமராவைச் சீராக நகர்த்தும் கருவிகளுக்குப் பணம் இல்லை. ஒரு நீண்ட மரச்சட்டத்தின் நடுவில் கேமராவைப் பொருத்தி, சட்டத்தின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு, தரையை ஒட்டியபடி ஓடினார்கள். அவ்வளவுதான். அந்தக் காட்சி வரும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சருகுகள் தெறிக்கின்றன, மரங்கள் இருபுறமும் பிளந்து வழிவிடுகின்றன, சட்டகம் இலேசாக இடமும் வலமும் ஆடுகிறது. அந்த ஆட்டம் ஓடுகிறவர்களின் காலடி. கால் இல்லாத ஒன்று பாய்ந்து வருகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் நான்கு மனிதக் கால்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் அறிந்திருந்தும் முதுகுத்தண்டு சில்லிடுகிறதா? சில்லிட்டால், தொடக்கத்தில் நான் சொன்ன நிலை உங்களுக்கு வாய்த்துவிட்டது.

அதே படத்தில் இன்னொன்றையும் தேடுங்கள். படப்பிடிப்பு நீண்டுபோனதால் நடிகர்கள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்சக் காட்சிகளில் அவர்களுக்குப் பதிலாகப் படக்குழுவினரே விக்கும் உடையும் அணிந்து நின்றார்கள். இப்படி நிற்பவரை ரெய்மியின் குழு 'ஃபேக் ஷெம்ப்' என்று அழைத்தது; 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைக் குழுவின் ஷெம்ப் ஹோவர்ட் இறந்த பிறகு, எடுக்க வேண்டியிருந்த படங்களில் வேறொருவரை முகம் தெரியாமல் நிறுத்தியதிலிருந்து வந்த பெயர் அது. முகம் தெரியாத முதுகு, சட்டகத்துக்குள் நீளும் ஒரு கை, கட்டிலுக்கு அடியில் ஒரு கால் என்று வரும் காட்சிகளில் அது யாருடைய கை என்று யோசியுங்கள். சில சமயம் அது சற்று முன்புவரை விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் கையாக இருந்திருக்கக்கூடும்.

இப்போது இரத்தம். இதைப் பார்ப்பதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும் என்றால், ஒரு முறை நீங்களே செய்து பார்ப்பதுதான் சிறந்த வழி. நான் கெட்டியான சர்க்கரைப் பாகில் சிவப்பு நிறப்பொடியைக் கலந்துதான் தொடங்கினேன். கிண்ணத்தில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது, கையில் ஊற்றியதும் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இளஞ்சிவப்பாகிவிட்டது. உண்மையான இரத்தம் தோலை மறைக்கும், இது மறைக்கவில்லை. ஒரு சிட்டிகை கோகோ பொடியைச் சேர்த்துக் கலக்கியதும் கலங்கலாகி, தோலை மூடியது, பழுப்பு கலந்த ஆழமும் வந்தது. ஆனால் வெள்ளை விளக்கில் சரியாக இருந்தது மஞ்சள் விளக்கில் காபிபோலத் தெரிந்தது. மறுபடியும் சிவப்பைக் கூட்ட வேண்டியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அது இறங்கும் வேகமும் பாகின் பதத்தைப் பொறுத்தே மாறியது. ஒரு கம்பிப் பதம் கூடினாலும் இரத்தம் ஓடாமல் தேன்போல நின்றுவிடுகிறது. பழைய துணியொன்றில் தடவிக் காயவிட்டதை மறுநாள் எடுத்தபோது அது அட்டைபோல விறைத்திருந்தது. 'தி ஈவில் டெட்' நாயகன் புரூஸ் கேம்ப்பெல்லின் சட்டையும் இப்படித்தான் சோளப்பாகு இரத்தத்தில் ஊறிக் காய்ந்து, மறுபடி அணிய முற்பட்டபோது முறிந்ததாகச் சொல்வார்கள். என் துணியைக் கையில் எடுத்த பிறகு அந்தச் செய்தியை நம்புவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இப்படி ஒரு முறை செய்துவிட்டால், திரையில் வரும் ஒவ்வொரு துளியும் யாரோ ஒருவர் எடுத்த முடிவாகத் தெரியத் தொடங்கும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த பிரிட்டிஷ் வண்ணப் பேய்ப்படங்களில் இரத்தம் பெயின்ட்போலப் பளிச்சென்று இருக்கும். எழுபதுகளில் சில கலைஞர்கள் அதைக் கருமையாக்கினார்கள். நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் 1992இல் எடுத்த 'பிரெயின்டெட்' படத்தின் இறுதியில், புல்வெட்டும் இயந்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நாயகன் பிணக்கூட்டத்துக்குள் நுழையும் காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ 300 லிட்டர் செயற்கை இரத்தம் செலவானதாகச் சொல்வார்கள். அந்தக் காட்சியில் பிணங்களைவிட்டுத் தரையைப் பாருங்கள். எல்லோரும் உண்மையிலேயே வழுக்குகிறார்கள். நாயகனின் கால் தடுமாறும் விதம் நடிப்பாகவே தோன்றாது. கணினியில் வரைந்து சேர்க்கும் இரத்தத்தின்மீது எனக்கு மனம் ஒட்டாததற்குக் காரணமும் இதுதான்: அது பறக்கிறது, ஆனால் எதன்மீதும் விழுவதில்லை, துணியை நனைப்பதில்லை, அடுத்த காட்சியில் சுவர் சுத்தமாக இருக்கிறது.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எலும்பு முறியும் சத்தம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் செலரித் தண்டை முறிக்கும் சத்தம். தசை பிளப்பது தர்ப்பூசணி. அருவருப்பான காட்சியில் ஒரு முறை ஒலியை முழுவதும் நிறுத்திப் பாருங்கள். காட்சியின் பாதி பலம் காணாமல் போயிருக்கும்.

துணை, எல்லை

முதல் முறை தனியாகவோ, வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தெரிந்த ஒருவருடனோ பாருங்கள். கூட்டமாகப் பார்ப்பதும் இன்பம்தான்; ஆனால் அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் பயத்தை மறைப்பதற்காக முதலில் எள்ளத் தொடங்குவார். அதன்பிறகு மற்றவர்களாலும் பயப்பட முடியாது.

எல்லோரும் பார்க்க வேண்டியவை அல்ல இவை. குழந்தைகளை அறையில் வைத்துக்கொண்டு போடாதீர்கள். அண்மையில் ஓர் இழப்பையோ விபத்தையோ அறுவை சிகிச்சையையோ கடந்தவர்கள் சில காலம் தள்ளிப்போடுவது நல்லது. சிதைந்த உடல் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. குமட்டல் வந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் வீரம் ஒன்றுமில்லை. இன்னொன்றை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இந்த வகையில் பெண்ணுடல்மீது நிகழ்த்தப்படும் வன்முறையைக் கேளிக்கையாக்கிய படங்கள் நிறைய உண்டு. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த 'தி ஈவில் டெட்' படத்திலேயே மரங்கள் ஒரு பெண்ணை வன்புணர்வு செய்யும் காட்சி இருக்கிறது. அதை எடுத்ததற்காக ரெய்மியே பின்னாளில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். அந்தக் காட்சியைத் தாண்டிச் செல்வதால் படத்தில் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். விலங்குகளை உண்மையாகவே கொன்று படம்பிடித்தவற்றையும் நான் பார்ப்பதில்லை. திரையில் சிந்துவது பாகு, யாருக்கும் வலிக்கவில்லை என்ற உறுதியின்மேல்தான் இந்த இன்பம் முழுவதும் நிற்கிறது. அந்த உறுதி போய்விட்டால் மிஞ்சுவது கொடுமை மட்டுமே.

எங்கே தொடங்கி எங்கே போவது

பலர் 1987இல் வந்த 'ஈவில் டெட் 2' படத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அது வெளிப்படையான நகைச்சுவையோடு இருப்பதால் எளிதில் பிடித்துவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே சிரிப்பை இயக்குநரே பரிமாறிவிடுகிறார். நீங்களாகத் தேடிக் கண்டுபிடிக்க வேலை இருக்காது. முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள். அடுத்து 'பிரெயின்டெட்'. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்காமல், இடையில் சில நாட்கள் விடுங்கள். முதலாவதில் பயம் ஓங்கி நகை அடங்கியிருப்பதும், இரண்டாவதில் அது தலைகீழாகியிருப்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பிறகு மொழி எல்லைகளைக் கடந்து செல்லுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு நாட்டுப் பேயும் வேறு வேறு விதமாக உடலைப் பிரிக்கிறது. இந்தோனேசியாவில் 1981இல் வந்த 'மிஸ்டிக்ஸ் இன் பாலி' படத்தில் லெயாக் என்னும் சூனியத்தைக் கற்கும் பெண்ணின் தலை, குடலும் நுரையீரலும் தொங்கத் தொங்க உடலிலிருந்து கழன்று பறக்கிறது. அது இயக்குநரின் விபரீதக் கற்பனை அல்ல. மலாய் மக்களிடம் பெனங்கலான் என்றும் தாய்லாந்தில் கிராசூ என்றும் வழங்கும் பேய்களின் உறவுக்காரி அவள். தந்திரக் காட்சி சரியாக ஒட்டாமல் விளிம்பில் மினுங்குகிறது. ஆயினும் இருளில் அந்தத் தலை மிதந்து வரும்போது, எந்தப் பெரும்பொருட்செலவுப் படத்திலும் காண முடியாத ஒன்றைப் பார்க்கிறோம் என்ற வியப்பு என்னை விடுவதில்லை. தொல்காப்பியர் மருட்கைக்குச் சொன்ன முதல் காரணம் புதுமை என்பது அப்போது நினைவுக்கு வரும். ஜப்பானில் இயக்குநர் ஒபயாஷி 1977இல் எடுத்த 'ஹவுஸு' படத்துக்குத் தன் சிறுமகளின் பயங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். பியானோ கட்டைகளுக்கிடையில் விரல் மாட்டிக்கொண்ட அவளுடைய அனுபவம், பியானோ ஒரு பெண்ணை விழுங்கும் காட்சியாக அதில் வந்திருக்கிறது. இந்தியில் ராம்சே சகோதரர்கள் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு எல்லாவற்றையும் குடும்பத்துக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டு எடுத்த படங்களில் 1984இல் வந்த 'புரானா மந்திர்' நல்ல தொடக்கம். அதில் குருதி குறைவு. ஆனால் நீலமும் சிவப்புமாக அறையை நிரப்பும் ஒளிக்காகவே பார்க்கலாம்.

பார்த்த பிறகு

படம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். உங்களை மிகவும் உலுக்கிய ஒரே ஒரு காட்சிக்குத் திரும்பிச் சென்று, ஒலியில்லாமல், மெதுவான வேகத்தில் மறுபடி பாருங்கள். நடிகரின் முகம் எந்த வெட்டில் பொம்மை முகமாக மாறியது, குழாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தக் கை கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்டிருக்கிறது என்று தேடுங்கள். கண்டுபிடிக்க முடியாமல் போகும் காட்சிகளும் உண்டு. அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு சில மாதம் கழித்து மீண்டும் முயலுங்கள்.

அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இயக்குநரின் பெயரைவிட ஒப்பனைக் கலைஞரின் பெயரைத் தொடர்ந்து செல்லுங்கள். இந்த வகையில் உண்மையான கையெழுத்து அவர்களுடையதுதான். இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்ச்சியின் 'ஜோம்பி 2' படத்தில், உடைந்த கதவின் மரச்சிம்பு ஒரு பெண்ணின் கண்ணை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கும் காட்சி 1979க்குப் பிறகு எத்தனையோ பேரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. அதைச் செய்தவர் ஜியானெட்டோ டி ரொஸ்ஸி. அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், நரகத்தின் வாயிலின்மேல் கட்டப்பட்ட விடுதியைப் பற்றிய 'தி பியாண்ட்' படத்துக்கு, 1981க்கு, வந்து சேர்வீர்கள். அதன் கதையை ஒருவருக்கு விளக்கிச் சொல்ல முயலாதீர்கள். அது கனவுபோல் காரணமில்லாமல் நகர்வது. மெழுகும் லேடெக்ஸும் உருகி வழியும் முகங்களை மட்டும் பாருங்கள். அங்கிருந்து 2003இல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்றிலும் அதே கைகள் வேலை செய்திருப்பது பெயர்ப்பட்டியலில் தெரியும். அதில் பேய் கிடையாது, அதன் தலைப்பையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. 'தி பியாண்ட்' முடிந்த இரவில் அதை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.